குப்புறக் கிடந்த கல்

மூச்சை அடக்கிக்கொண்டுதான் கல்லக்கா தூரிகையை நீட்டுவார். நுண்ணோக்கிக்கு அடியில், பாறைச் சில்லை இடித்தெடுத்த, சர்க்கரையை விடப் பொடியான மணிகள். ஈரத் தூரிகை நுனியில் வெள்ளை மணி மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடித் தும்மிவிட்டு வருவார். இருபது வருடமாக இதுதான் வேலை. ஆய்வுக்கூடத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

"ஆபீஸ்ல கல்லுல தூசி பொறுக்குற, வீட்டு அரிசியில கல்லு பொறுக்க மாட்டேங்குற" என்பது கணவரின் நிரந்தரப் புகார். "அதுக்கும் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் குடுங்க" என்பார் இவர்.

விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் கதிர்கள், வெளியில் கிடக்கும் பாறையின் வெள்ளை மணிகளுக்குள் துளித்துளியாக நியான் வாயுவை உண்டாக்குகின்றன. எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறதோ, அவ்வளவு காலம் அந்தப் பாறை வானம் பார்த்துக் கிடந்திருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

போன மாதம் அந்தக் கணக்கு இடறியது. ஒரே மலைச்சரிவில் உருண்டு கிடந்த மூன்று பாறைகள். இரண்டுக்கு வயது நாற்பதாயிரம் ஆண்டுகள். மூன்றாவதற்கு மூவாயிரம்கூட இல்லை. பேராசிரியர் பழியை நேரே இவர் தலையில் போட்டார். "வேற மணி கலந்துடுச்சும்மா. இனிமே பொறுக்குற வேலைய வெளியில குடுத்துடலாம்."

அக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று முறை புதிதாகப் பொறுக்கினார். மூன்று முறையும் அதே மூவாயிரம். பிறகு, பேராசிரியரே மலையேறிப் பாறையின் உச்சியில் உடைத்து வந்த சில்லை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"மழையில கெடந்த கல்லுல வெள்ளை மணி துருத்திக்கிட்டு நிக்கும் சார். இது மழமழன்னு இருக்கு. இந்தப் பாறை குப்புற விழுந்து கெடக்கு. அடியில ஒரு சில்லு எடுத்துட்டு வாங்க."

"ஆள் உயரப் பாறைம்மா அது. புரண்டு படுக்குமா?"

"மலையில இருந்து உருண்டு வந்ததுதானே சார்?"

அடுத்த வாரம் பேராசிரியரே பாறைக்கடியில் தவழ்ந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, ஒரு சில்லோடு வந்தார். தடவிப் பார்த்தபோதே அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. விரலில் மணிகள் குத்தின.

இயந்திரம் சொன்ன வயது முப்பத்தொன்பதாயிரம். மேல்பக்கத்து மூவாயிரத்தில் பெரும்பகுதி, அது அடியில் கிடந்தபோதே பாறையை ஊடுருவி வந்த கதிர்களால் சேர்ந்தது; பாறை புரண்டு சில நூறு ஆண்டுகள்தான் ஆகியிருக்க வேண்டும்.

முடிவுத்தாளோடு அக்கா பேராசிரியரின் அறைக்குள் போனபோது தலை நிமிர்ந்திருந்தது. அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "தப்பு என் மேலதாம்மா" என்றார்.

மேசையில் காகிதம் பறக்காமலிருக்க அவர் மலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கல் ஒன்று கிடந்தது. அக்கா அதைக் கையிலெடுத்துக் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தடவினார். பிறகு சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி புரட்டி, முடிவுத்தாளின் மேல் வைத்துவிட்டுத் தன் தூரிகைக்குத் திரும்பினார்.