அவர் குரல் இருந்த கணக்கு

என் கணவர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அரசாங்கத்தின் எந்த இணையதளத்தையும் அவர் நம்பியதில்லை. நான் என் சான்றிதழ்களை அரசாங்கத்தின் டிஜிட்டல் பெட்டகத்தில் ஏற்றியபோது சிரித்தார்.

"கவர்மெண்டுகிட்டக் குடுத்தா ஊரே பாக்கும் அம்மிணி. ஈமெயில் நடத்தற பெரிய கம்பெனின்னா பேரு கெட்டாப் பொழப்பே போயிரும். பத்திரமா வெச்சிருப்பாங்க."

"இருக்கட்டுங்க, எனக்கு இது போதுமுங்க" என்றேன்.

மகள் பிறந்ததும், வேலை முடிந்து வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு பேசுவார். அதைப் பதிவுசெய்து தன் மின்னஞ்சல் கணக்கில் சேர்த்துவைப்பார்.

அவளுக்கு ஒரு வயது நிறையுமுன் பல்லடம் ரோட்டில் விபத்து. அவரும் போனார், கைபேசியும் நொறுங்கியது. சிம்முக்கு ரீசார்ஜ் போடவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். ஒருநாள் பொறுக்காமல் சத்தம் போட்டேன். அங்கிருந்த கிளார்க் அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு, "உக்காருங்க, இன்னைக்கு வாங்கிட்டே போங்க" என்றார். வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அவர் குரலைக் கேட்கும் தைரியம் வருவதற்குள் மகள் பேசவே தொடங்கிவிட்டாள். அவர் மின்னஞ்சல் கணக்கைத் திறக்கப்போனால், பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாக வந்தது. மின்னஞ்சல் கம்பெனிக்கு எழுதினேன். எத்தனை முறை எழுதினாலும் அதே இயந்திரப் பதில். சத்தம் போடக்கூட அங்கே ஆளில்லை.

அந்த எண்ணுக்கே கூப்பிட்டேன். ரீசார்ஜ் போடாததால் அது வேறொருவருக்குப் போயிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த டைலர் ஒருவர் எடுத்தார்.

"ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது அக்கா. சூப்பர்வைசர் சொல்லியிருக்கு" என்று வைத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

பலமுறை கெஞ்சிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் வேலைபார்க்கும் பனியன் கம்பெனி வாசலில் சந்திக்கச் சம்மதித்தார். இறப்புச் சான்றிதழையும் எங்கள் கல்யாண போட்டோவையும் காட்டினேன். என் தோளில் தூங்கிய மகளைப் பார்த்தார். பிறகு தன் போனையே என் கையில் கொடுத்தார்.

ஓடிபி வரவில்லை. நெடுநாள் பயன்படுத்தாததால் கணக்கு நீக்கப்பட்டுவிட்டதாகத் திரையில் வந்தது.

"அன்னைக்கே குடுத்திருந்தா..." என்றார் அவர்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்றேன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா எப்படிப் பேசுவாங்க என்று கேட்பாள். அவர் மாதிரியே பேசிக் காட்டுவேன். நாளாக நாளாக அதில் என் குரல்தான் கேட்கிறது.