ரேணுகாதேவி போட்ட எட்டு

உள்ளறையிலிருந்து 'டர்ர்ர்' என்று ஒரு மொபெட் உறுமியது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த பட்டு முதலாளி சிவப்பிரகாசம் திடுக்கிட்டுப் பாதிக் காபியைத் தன் வெள்ளை வேட்டியிலேயே ஊற்றிக்கொண்டார்.

"இன்னாய்யா ஜெயவேலு, வீட்டுக்குள்ள வண்டி ஓடுது?"

"ஓடலீங்க மொதலாளி. ஸ்டாண்டு போட்டுத்தான் நிக்குது. ரேணுகா பிராக்டீஸ் பண்ணிகினு இருக்கா."

"அதைத் தெருவுல பண்றதுதானே?"

"தெரு முழுக்கப் பாவு நூல் நீட்டி வெச்சிருக்காங்க. வண்டி போனா பட்டு இழை அறுந்திடும்னு பக்கத்து வீட்டு ஆளுங்க கட்டையத் தூக்கிகினு வர்றாங்க."

அரிசி மில்லில் ராத்திரி காவல் முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான் ஜெயவேல். தூங்காத கண்களோடு முதலாளியின் முன் நின்றான். சிவப்பிரகாசம் எதற்காகக் காலையிலேயே வந்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அவர் சொல்லிவிட்டார்.

"ரெண்டு தடவை டெஸ்டுல போயிடுச்சு உன் சம்சாரத்துக்கு. இன்னும் எத்தினி நாள் நான் காத்துகினு இருக்கறது? கண்ணமங்கலம் பக்கம் தறிக்காரங்க பாவு வரலைன்னு போன் மேல போன். போளூர் முத்துவேலு லைசென்ஸ் வெச்சிருக்கான். வர்றேன்றான்."

"நாளைக்கு மறுபடி டெஸ்டு இருக்குதுங்க மொதலாளி..."

"எனக்கு இன்னா அவ மேல கோவமா? போன வருசம் பூங்காவனம் லைசென்ஸ் இல்லாம என் பொடவைங்களை எடுத்துகினு போய் விழுந்தான். இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிட்டான். அந்த ஆளு இன்னிக்கும் காலை இழுத்துகினு நடக்கறான். அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு என்னைப் பாத்த பார்வை இருக்கே... லைசென்ஸ் இல்லாத ஆளை இனி என் வேலைக்கு வண்டியில ஏத்த மாட்டேன்."

உள்ளே உறுமல் நின்றது. கதவருகில் ரேணுகாதேவி வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டிய முகம். நெற்றி வியர்வையில் குங்குமம் கரைந்திருந்தது. ஆனால் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க மொதலாளி. அப்பவும் நான் லைசென்ஸ் வாங்கலைன்னா முத்துவேலுக்கு நானே போன் பண்ணி வரச் சொல்றேன்."

இதுதான் ரேணுகாதேவி. தேவிகாபுரத்திலிருந்து ஆரணிக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரமே தறிக்குழியில் கால் வைத்தவள். அன்று முதல் இடுப்புவரை பூமிக்குள் இருந்தபடியே தன் வாழ்க்கையை நெய்தவள். யார் யாருடைய முகூர்த்தங்களுக்கோ அவள் கையால் பட்டு போயிற்று. அவள் மட்டும் அந்தக் குழியை விட்டு எங்கும் போகவில்லை. இந்த வருஷம் இரண்டு முழங்கால்களும் வீங்கிவிட்டன. வேலூர் டாக்டர் இனிமேல் குழியில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். கேட்ட ஜெயவேல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டான். அவளோ, "அழுவாதீங்க. குழியிலதானே உக்காரக் கூடாது? சீட்டுல உக்காரலாமில்ல?" என்றாள்.

அந்த வாரமே கண்ணமங்கலத்துத் தேங்காய் வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய மொபெட் வாங்கிவிட்டாள். ஓட்டிப் பழகுவதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயரை மாற்றினாள். "சின்ன வண்டிதானே, அதுக்குப் போய் இவ்ளோ பேஜாரா?" என்று தெருவே கேட்டது. "கொழந்தை சின்னதுன்னு பேர் வெக்காம உடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். சிவப்பிரகாசத்திடம் ஊர் ஊராகப் பாவு கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கி வரும் வேலையையும் அவளே கேட்டுப் பெற்றாள். அதற்கு லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுதான் அவளை இரண்டு முறை தோற்கடித்திருந்தது.

டெஸ்டில் எட்டுப் போட வேண்டும். காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் முடிந்தது. ரேணுகாதேவியின் கால் இரண்டு முறையும் ஊன்றியது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மஹிமா, "உங்களுக்கு உள்ளுக்குள்ள பயம்க்கா" என்றாள். எதற்கும் பயந்தறியாத ரேணுகாதேவிக்கு, தோற்றதைவிட அந்தச் சொல்தான் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

"எங்க, ஓட்டிக் காட்டு" என்றார் சிவப்பிரகாசம், வேட்டியை உதறிக்கொண்டே.

மூவரும் உள்ளே போனார்கள். தறிக்குப் பின்னால், கொல்லைக் கதவை ஒட்டி வண்டி நின்றது. ரேணுகாதேவி சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினாள். பூஜை போட்ட வண்டியில் செருப்பு படக் கூடாது என்பது அவள் கட்டளை. வலது கையால் ஆக்சிலேட்டரைத் திருகினாள். அந்த நொடியே இடது கால் இறங்கித் தரையை அமுக்கியது. விட்டாள். கால் மேலே வந்தது. திருகினாள். இப்போது வலது கால் இறங்கியது.

சிவப்பிரகாசம் சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அடிப்பாவி! நீ எங்கம்மா வண்டி ஓட்டற? தறி நெய்யற! கை கயிறை இழுக்கறா மாதிரி இழுக்குது, கால் மிதியைத் தேடிகினு போவுது. ஒரு இழைக்கு எடது, மறு இழைக்கு வலது!"

ஜெயவேலின் முகம் சுருங்கியது. முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். "இருவது வருசத்துக்கு மேல ஊறின பழக்கம்மா. டெஸ்டுக்காரங்க சொன்னா கேக்குமா இந்தக் கால்? உட்டுடு. நாளைக்குச் சாயங்காலம் வர்றேன், வார்த்தை குடுத்துட்டேன். ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல."

அவர் போன பிறகு ஜெயவேல் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா? பயம் இல்லீங்க! எனக்குப் பயம் இல்ல! இது தறி!"

"ரெண்டும் ஒண்ணுதான்டி. கால் கீழ போனா பெயில்தானே?"

"பயமா இருந்தா அதை எங்கேன்னு போய்ப் பிடிக்கறது? இது கால்தானே, பிடிச்சிடலாம்." தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். "என்னிக்காவது நான் தறியில செருப்போட உக்காந்திருக்கேனா?"

"அம்மாடி! தறியிலயா? நாக்கு அழுவிடும்."

"அப்ப இந்தக் காலுக்கு வெறுங்கால்னா தறின்னு நெனப்பு. அதுக்கு இன்னா தெரியும் பாவம்." வாசலில் கிடந்த அவனுடைய காவல்காரக் கறுப்பு ஷூக்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதைக் குடுங்க."

"ஏய், அது எனக்கே பெருசு!"

தறியடியில் சேர்ந்திருந்த கழிவுப் பட்டு நூலை அள்ளி ஷூக்களின் முனையில் திணித்தாள். காலை உள்ளே விட்டாள். பாறாங்கல்லைக் கட்டியது போல் கனத்தது. வண்டியில் ஏறித் திருகினாள். பாதம் உள்ளே துடித்தது. ஷூ அசையவில்லை. அன்று முழுவதும், பாவு எடுத்த பிறகு தெருவிலும் சரி, கொல்லையிலும் சரி, அந்த ஷூக்களை அவள் கழற்றவே இல்லை. "வண்டியில செருப்புகூடப் படக் கூடாதுன்னவ இப்ப போலீஸ்காரி மாதிரி வர்றா பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி சின்னபொண்ணு கேலி பேசினாள். "சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். உன்கிட்டயும் கேக்கணுமா?" என்றபடி அவளைக் கடந்து போனாள் ரேணுகாதேவி.

மறுநாள் காலை, ஜெயவேல் வண்டியை ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து டெஸ்ட் மைதானத்துக்குப் போனாள். வேப்ப மரத்தடியில் வெற்றிச்செல்வன் காத்திருந்தான். லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி ஆள் பிடிக்கும் புரோக்கர்.

"யக்கா, மூணாவது தடவையா? எதுக்குக்கா இந்தக் கஷ்டம்? நீ வண்டியிலயே ஏற வேணாம். லைசென்ஸ் வீட்டுக்கு வரும். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஜெயவேலின் கை சட்டைப்பைக்குப் போனது. மனைவி இன்னொரு முறை தலைகுனிந்து வருவதைப் பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை. ரேணுகாதேவி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, நாளைக்குக் கண்ணமங்கலம் ரோட்ல எதிர்ல லாரி வரும்போது என் கால் கீழ போச்சுன்னா, அங்கயும் நீ வந்து பாத்துக்குவியா?"

வெற்றிச்செல்வன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "ஷூ நல்லாகீதுக்கா" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனான்.

பெயர் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். வரிசையில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் புடவைக்குக் கீழே தெரிந்த அந்தப் பெரிய ஷூக்களைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "எட்டுப் போடும்மா" என்றார்.

திருகினாள். வண்டி நகர்ந்தது. முதல் வளைவு. இடது பாதம் ஷூவுக்குள் மிதியைத் தேடித் தவித்தது. எத்தனை வருஷ விசுவாசம் அந்தக் காலுக்கு! சோறு போட்ட கால். அதைப் போய் எப்படித் திட்டுவாள்? 'இரு கண்ணு, இங்க உனக்கு வேலை இல்ல' என்று மனசுக்குள் அதைக் கெஞ்சினாள். நடுவில் குறுகும் இடத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மைதானத்தின் ஓரத்தில் ஜெயவேல் கண்களை மூடிக்கொண்டான். அவள் மூடவில்லை. கைப்பிடியைத் திருப்பினாள், சாய்ந்த வண்டி நிமிர்ந்தது. இரண்டாம் வளைவில் திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றாள்.

"ஓகே. அடுத்தது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு ஜெயவேல் மைதானத்திலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். "எழுந்திருங்க, பாஸானது நானா நீங்களா?" என்று அதட்டினாள் அவள்.

சாயங்காலம் சொன்னபடி சிவப்பிரகாசம் வந்தார். ஜெயவேல் போனை நீட்டினான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதில் வந்திருந்த 'பாஸ்' தகவலை இரண்டு முறை படித்தார். லைசென்ஸ் அட்டை தபாலில் வரும் என்று ஜெயவேல் சொன்னதற்குத் தலையாட்டினார்.

"சரிம்மா. செஞ்சு காட்டிட்ட. மொதல்ல அட்டை வரட்டும். வேலை உனக்குத்தான்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா ஒண்ணு. ஆரணி டவுனுக்குள்ள மட்டும் நீ பாத்துக்க. கண்ணமங்கலம், அந்தப் பக்கத்து ஊருங்க எல்லாம் முத்துவேலு போவட்டும். பொம்பளை ஒத்தையா ரோட்ல... உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டவுனில் அவருக்கு நெய்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய தறிகள்தான். அதற்குக் கிடைப்பது வண்டி பெட்ரோலுக்கே போதாது. ஜெயவேல் மனைவியைப் பார்த்தான். ரேணுகாதேவி பணிவாகத்தான் கேட்டாள்.

"மொதலாளி, லைசென்ஸுல டவுனுக்குள்ள மட்டும்னு போடுவாங்களா?"

"அது... எங்க போடுவாங்க? இந்தியா முழுக்கச் செல்லும்."

"கவர்மென்ட்டே இந்தியா முழுக்க ஓட்டுன்னு உட்டுடுச்சு. நீங்க கண்ணமங்கலத்துக்குக்கூட உட மாட்டேன்றீங்களே, நாயமா?"

சிவப்பிரகாசம் அவளையே பார்த்தார். அவள் கண் தாழவில்லை.

"வாயைப் பாரு" என்றார் கடைசியில், ஜெயவேலிடம். "இவளை எப்படிய்யா சமாளிக்கற?" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அட்டை வந்த மறுநாள் காலையில கடைக்கு வா. மொதல் பாவே கண்ணமங்கலத்துக்குத்தான். முத்துவேலுகிட்ட நான் பேசிக்கறேன்."

"வர்றேங்க மொதலாளி."

அவர் படியிறங்கினார். தெருமுனையில் நிறுத்தியிருந்த தன் காரை நோக்கி, ஏதோ தனக்குத்தானே முணுமுணுத்துச் சிரித்தபடி நடந்தார். அவர் உருவம் மறையும் வரை ரேணுகாதேவி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.