வெள்ளைத் தொப்பிக்காரி

2006இல் ஒஸ்லோவில் ஒரு விருந்தினர் விடுதியில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் பெண்மணி ரூத், மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். எப்போதும் நீண்ட கவுனும் வெள்ளைத் தொப்பியும்தான்.

"உவ தொப்பியோடதான் நித்திரையும் கொள்ளுவா போல" என்று, கூட வேலை செய்த தமிழ்ப் பெண்ணிடம் அவர் முன்னாலேயே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் நாலு மாடியும் துடைத்து முடித்து, வீங்கிய கால்களோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். ரூத் ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்து என் முன் மண்டியிட்டார்.

"ஐயோ, வேண்டாம், எழும்புங்கோ!" பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது.

"எங்கள் சபையில் பெண்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம்" என்று மெதுவான ஆங்கிலத்தில் சொல்லி, என் கால்களைக் கழுவித் துடைத்தார். வெட்கத்தில் நான் தலை நிமிரவில்லை. பிறகு அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மண்டியிட்டேன்.

சம்பளத்துக்காக எத்தனையோ நிலங்களை முழங்காலில் நின்று துடைத்தவள் நான். அன்றும் களைப்புத் தீரவில்லை. ஆனால் அந்தக் கால்களைக் கழுவியதை மட்டும் இன்றுவரை வேலையென்று நினைக்க முடியவில்லை.