ஆள் வீட்டில் இல்லை

நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததாம். வைத்தியர் கையை விரித்துவிட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் வேதக்கோயிலுக்குப் போய், இவன் பிழைத்தால் உமக்கே ஊழியத்துக்குத் தந்துவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணினாள். நான் பிழைத்தேன். இந்த ஏற்பாட்டில் என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது எனக்கு அழ மட்டுமே தெரியும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இருபது வயதானபோது அப்பா இல்லை. அம்மா லேஸ் பின்னி என்னைப் படிக்க வைத்திருந்தாள். இனி போதகர் படிப்புதான் என்று முடிவாயிற்று. ஆனால் எங்கள் சபையில் அதற்கு ஒரு முறை உண்டு. போக விரும்புகிறவன் சபைக் கமிட்டியின் முன் நின்று, தனக்கு அழைப்பு எங்கே, எப்படி வந்தது என்று சாட்சி சொல்லவேண்டும். அம்மா நேர்ந்துகொண்டாள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அது அம்மாவுக்கு வந்த அழைப்பு. உனக்கு வந்தது எங்கே என்பார்கள்.

எனக்கு முன்னால் போனவர்கள் யாரும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒருவருக்குப் பலாமரத்தின் உச்சியில் வைத்து அழைப்பு வந்தது. பழத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். இன்னொருவருக்குப் பாறசாலை ஸ்டேஷனில், வண்டியைத் தவறவிட்டு நின்றபோது வந்தது. தனுவச்சபுரத்துக்காரர் ஒருவருக்கு மரச்சீனி பிடுங்கும்போது வந்தது. கிழங்கு பாதியில் ஒடிந்ததைக்கூட அவர் சாட்சியில் சேர்த்துச் சொல்லிக் கமிட்டியைக் கண்கலங்க வைத்தார். எனக்கு எங்கும் எதுவும் வரவில்லை. கமிட்டி கூடும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அது எல்லைப் போராட்டக் காலம். மலையாள அரசின் கீழிருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்தன. ஊர்வலத்தின் பின்னால் போலீஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆளைப் பிடிக்க அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. வேலிக்கு வெளியே நின்று, சொந்தக்காரன் கூப்பிடுவதுபோலப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ஓ" என்று கேட்டுக்கொண்டே வெளியே வருகிறவன் வண்டியில் ஏறவேண்டியதுதான். சிலர் அப்படிப் போனபின், எங்கள் ஊரில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றாயிற்று. கூப்பிட்டால் ஆண்கள் பதில் சொல்வதும் இல்லை. பெண்கள் உள்ளேயிருந்து ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

வேண்டியவர்கள் வேலியோரம் நின்று ஒரு கீர்த்தனையை முனகினார்கள். அதுதான் அடையாளம். பக்கத்து வீட்டுக்காரர் இந்து. ஜங்ஷனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்களிடம் கடப்பாரை இரவல் கேட்க வரும்போது அவரும் சிலுவைப்பாடு பற்றிய பாட்டு ஒன்றை மூக்கால் பாடிக்கொண்டு நிற்பார். எங்கள் பாடகர் குழுவில் அவரளவுக்குச் சுருதி சேர்ந்தவர்கள் குறைவு.

நான் போராட்டத்தில் செய்த சேவையையும் சொல்லிவிடுகிறேன். உதியன்குளங்கரையில் ஒரு ஊர்வலத்தின் கடைசி வரிசையில் நின்று, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் ஒரு கோஷம் போட்டேன். அதற்காக அரசாங்கம் என்னைத் தேடும் என்று அம்மா உறுதியாக நம்பினாள். நானும் கொஞ்சம் பெருமையோடு நம்பினேன்.

ஆக, பேர் சொல்லிக் கூப்பிடுவதே அற்றுப்போன ஊரில், பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டே ஆகவேண்டிய ஒரே ஆள் நான்.

அழைப்பைத் தேடிப் புறப்பட்டேன். குன்றின்மேல் பாறையில் உபவாசம் இருந்தேன். எறும்புகள் என்னைத் தங்களுக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா என்று நினைத்துக்கொண்டன. கொல்லமாந்தோப்பில், அதாவது முந்திரித் தோப்பில், முழங்காலில் நின்றேன்; மேய வந்த பசு ஒன்று நின்று என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, இது சரிவராது என்பதுபோலப் போய்விட்டது. கமிட்டி கூடுவதற்கு முந்திய திங்கட்கிழமை அம்மாதான் வழி சொன்னாள்.

"உச்சிக்குக் கோயில்ல ஒரு மனுசன் இருக்கமாட்டான். அங்கபோய் நில்லு மக்கா. நல்லோணம் காதைக் குடுத்து நில்லு."

எங்கள் முன்னோர் வேதத்துக்கு வரும்போது பலதையும் விட்டுவிட்டு வந்தார்கள். உச்சிவேளையில் பேய் உலவும் என்ற பயத்தை மட்டும் யாரும் விடவில்லை. நடுப்பகலில் எங்கள் ஒழுங்கைகளில் ஆள் நடமாட்டம் இருக்காது. நான் போனபோது கமுகுகளின் நிழல் அடியோடு சுருங்கியிருந்தது. என் நிழல்கூட என் காலுக்குள் ஒளிந்துகொண்டதுபோல இருந்தது. கோயில்முற்றத்து மணலில் காலையில் பெருக்கிய ஈர்க்கில் கோடுகள் அப்படியே கிடந்தன. அதில் என் கால் பதிவதே ஒரு மரியாதைக்குறைவாகத் தோன்றியதால் ஓரமாக நடந்து உள்ளே போனேன்.

உள்ளே வௌவால் வாடையும் பழைய மெழுகு வாடையும். கடைசிப் பெஞ்சின் அருகே முழங்காலில் நின்று, கண்ணை மூடி, காதைக் கொடுத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேட்டது.

என் பெயர். வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர் இல்லை; ஞானஸ்நானத்தில் வைத்த முழுப்பெயர். அதை முழுசாக யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை, என் தலையில் தண்ணீர் விட்ட போதகர் சொன்னதைத் தவிர. அப்போதும் நான் அழுதுகொண்டிருந்தேன். குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. உரக்க இல்லை. அவசரமும் இல்லை. நான் உள்ளே இருப்பது தெரிந்த ஒருவர் கூப்பிடுவதுபோல இருந்தது.

நான் செய்யவேண்டியது என்னவென்று ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். எழுந்து நின்று, இதோ இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். நான் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். மூளையைக் கேட்காமல் உடம்பு தானாகவே போய்விட்டது.

அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தார்.

எங்கள் கோயில்குட்டி. கோயிலைப் பெருக்கி மணியடிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். ஒரு போராட்டக் கூட்டத்துக்கு மணியடித்ததற்காகத் தன்னைப் பிடிக்க வருவார்கள் என்று பயந்து, பகலில் பெஞ்சுகளுக்கு அடியில்தான் உறங்கிக்கொண்டிருந்தார். விசேஷம் என்னவென்றால் போலீசுக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்ததாகவே தெரியவில்லை. நான் வாயைத் திறக்கும் முன் அவர் தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார்.

"மிண்டாதே," என்றார் காதருகில்.

குரல் மறுபடி என் பெயரைச் சொன்னது. இந்தமுறை உள்ளேயிருந்து. பலிபீடத்துப் பக்கமா, எங்கள் தலைக்கு மேலேயா என்று சொல்லமுடியவில்லை. அவ்வளவுதான். பிறகு எதுவும் இல்லை. சிறிது நேரம் கழித்து ஒரு காக்கை கத்தியது. அதுவரை காக்கை கத்தாதிருந்தது அப்போதுதான் உறைத்தது.

"ஆரு அண்ணா அது?" என்றேன்.

"உன் பேரையில்லியா விளிச்சது, எனக்கிட்ட கேக்குத? பொறு. எத்தற மட்டம் விளிச்சது?"

"ரெண்டு மட்டம்."

"மூணு மட்டம் விளிச்சா போலீசாக்கும். ஒரு மட்டம் விளிச்சா பேயாக்கும், அதுக்கு ரெண்டாமத விளிக்க முடியாது."

"அப்போ ரெண்டு மட்டம் விளிச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். "அதை நான் கேட்டதில்லை மக்கா," என்று சொல்லிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தார். போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். முற்றத்து மணலில் ஈர்க்கில் கோடுகள் கலையவில்லை. ஓரத்தில் என் கால்தடம் மட்டும் உள்ளே வந்திருந்தது.

"எலே, ஒரு உபகாரம் செய்யணும்," என்றார் கோயில்குட்டி. "நாளைக்கு முதல் நீ வேற எங்கயாவது போய் ஜெபம் பண்ணு. எனக்கு உறங்கணும்."

வழியெல்லாம் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டு வந்தேன். எல்லையில் வளர்ந்தவனுக்கு ஒரு திறமை உண்டு. வாயைத் திறந்து இரண்டு சொல் சொன்னால் போதும், நெய்யாற்றின்கரையா, பாறசாலையா, அதற்கும் தெற்கா என்று சொல்லிவிடுவோம். அந்த வருஷங்களில் அது உயிர் காக்கும் திறமையாகவும் இருந்தது. அந்தக் குரலில் என் பெயரின் எழுத்துகள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டன. இழுப்பு மட்டும் எந்தப் பக்கத்து இழுப்பும் இல்லை. அந்தக் குரலுக்கு ஊர் இல்லை. வெயிலில் நடந்துகொண்டே எனக்குக் குளிர்ந்தது.

வீட்டில் அம்மா ஜன்னலோரம் லேஸ் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரக்குச்சிகள் கடகடவென்று ஓடவேண்டிய நேரம்; கைகள் சும்மா இருந்தன.

"ஆராவது வந்தாவளா மக்கா அங்க?" என்றாள், நான் செருப்பைக் கழற்றும் முன்னே.

"எங்க?"

"கோயில்ல."

நான் நடந்ததைச் சொன்னேன். பெஞ்சுக்கு அடியில் போனதை மட்டும், குனிந்திருந்தேன் என்று கௌரவமாகச் சொன்னேன். கடைசியில் கேட்டாள்: "எத்தற மட்டம்?"

"ரெண்டு."

"இங்கயும் ரெண்டு மட்டமாக்கும்," என்றாள் அம்மா.

நான் புறப்பட்டுப் போன கொஞ்ச நேரத்தில் வேலிக்கு வெளியே யாரோ என் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாட்டு இல்லை, பெயர். அம்மா எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒழுங்கையில் ஆள் இல்லை.

"போலீசுன்னா மலையாளச் சாயல்ல விளிப்பான். நம்ம ஆளுன்னா நீட்டி விளிப்பான். இது ரெண்டும் இல்ல. பின்னயும் விளிச்சது. எனக்குப் பேடியாயிட்டு. அவன் இங்க இல்லன்னு சத்தம் போட்டுச் சொன்னேன்."

"அவ்வளவுதானே?"

"கோயிலுக்குப் போயிருக்கான்னும் சொல்லிப்போட்டேன். போலீசு கோயிலுக்குள்ள கேறாதுன்னு நினைச்சேன் மக்கா."

வேதம் வாசிக்கிற வீடு எங்களுடையது; வேறு எதுவும் வாசிக்கிற வீடாக அப்போது அது இல்லை. ஆண்டவர் ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் இரண்டு தரம்தான் கூப்பிடுவார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை யார் முதலில் வாய்விட்டுச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கடைசிவரை யாரும் சொல்லவில்லை. என்னை ஆண்டவருக்கென்று நேர்ந்துகொண்டவள், யாரோ என்னைத் தேடி வாசலுக்கு வந்தபோது ஆள் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். போகவேண்டிய இடத்தையும் சொல்லி அனுப்பினாள். அங்கே நான் பெஞ்சுக்கு அடியில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியின் முன் நின்று நடந்ததை நடந்தபடியே சொன்னேன். இந்தமுறை பெஞ்சையும் விடவில்லை. முதலில் சிரித்தார்கள். வீட்டிலும் கூப்பிட்டதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. கடைசியில் போதகர் கேட்டார்: "நீர் என்ன பதில் சொன்னீர்?"

"ஒண்ணும் சொல்லல்ல ஐயா."

"ஏன்?"

"வாய் வரல்ல."

போதகர் கமிட்டியாரைப் பார்த்தார். கமிட்டியாரில் பாதிப்பேர் தங்கள் வீட்டு வாசலில் பதில் சொல்லாமல் பழகியவர்கள். என்னைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அழைப்பு வந்திருக்கிறது, ஆனால் அழைக்கப்பட்டவன் இன்னும் வரவில்லை என்பதாக ஒரு முடிவுக்கு வந்து, இனி கூப்பிட்டால் பதில் சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பிவைத்தார்கள். வெளியே வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் பயந்துபோனேன்.

மறுநாள் உச்சிக்கு நான் உள்ளே படுத்திருந்தேன். அம்மாவின் குரல் வெளியே கேட்டது. யாரிடமோ பேசுகிறாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் வேலிப்படலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எதிரே வெள்ளை வெயிலில் வெறும் ஒழுங்கை.

"இங்க உண்டு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்க மோன் வீட்டில உண்டு. அண்ணைக்கு நான் ஆளறியாம சொல்லிப்போட்டேன். அவனைக் குத்தம் பிடிக்காண்டாம்."

கடைக்காரரின் வீட்டு அம்மாள் தன் பக்கத்து வேலியில் எட்டிப்பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அம்மா ஒரு வீம்போடு நிற்பதுபோலத்தான் தோன்றியது. ஆனால் முந்தானையை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்பதைவிட அவளுக்குப் பெரிய பயம் வேறில்லை. அதை வரச்சொல்லித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் அவள் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல், யாரும் கூப்பிடாமலே, ஒழுங்கையைப் பார்த்து, "இருக்கேன்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கமுகோலைகள் அசையவில்லை. ஒழுங்கை வெறுமையாக இருந்ததாக என்னால் இப்போதும் சொல்லமுடியாது; யாரோ பேசுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்து நிற்பதுபோல இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் பதிந்து வலித்தது. கொண்டுபோய் ஒப்படைக்கப் பிடித்த பிடியா, விடமாட்டேன் என்று பிடித்த பிடியா என்று நான் கேட்கவில்லை. வெயில் சாய்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் நிழல் வரும்வரை அவள் கையை எடுக்கவும் இல்லை.