எடுக்கும்போது சொல்லும் சொல்

பக்லாரன் மாதா கோயிலில் புதன்கிழமை நவநாள் நடந்துகொண்டிருந்தபோது என் ஜெபமாலை அறுந்து, மணிகள் பெஞ்சுக்கடியில் உருண்டு ஓடிவிட்டன. பக்கத்தில் இருந்த பெண் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினாள். தன் பையிலிருந்து தூண்டில் நரம்பு ஒரு துண்டை எடுத்து, பிரசங்கம் முடிவதற்குள் கோத்துவிட்டாள். கண் பீடத்தின் மேலேயே இருந்தது. மடியில் விரல்கள் மட்டும் தடவித் தடவிப் பத்து மணி, ஒரு மணி, பத்து மணி, ஒரு மணி என்று பிரித்தன. முடித்ததை என் மடியில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் என் சாப்பாட்டுக் கடைக்கு வந்தாள். அந்த விரல்களை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பெயர் மிண்டா, வயது முப்பத்தாறு. டகுபான் ஊரில் பதினைந்து வருஷம் பாங்குஸ் மீனில் முள் எடுத்தவள். ஒரு மீனுக்கு இருநூறு முள். ஐஸுக்குள்ளேயே கிடந்த கை, இப்போதெல்லாம் காலையில் எழுந்தால் மடங்க மறுக்கிறது. இதே வேலையில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் கை உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் என் கடைக்கு மாடியில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். கேசினோவில் சீட்டுப் போடக் கற்றுத் தருகிற பள்ளிக்கூடம்.

சாப்பிட்டு முடித்தால் என் கடை சோடா மூடிகளைக் கழுவி, கேசினோவில் பணத்துக்குப் பதில் வைக்கிற சில்லு மாதிரி இருபது இருபதாக அடுக்குவாள். ஒரே அழுத்தில் ஐந்தைந்தாகப் பிரிக்க வேண்டும். சரிந்தால் முதலிலிருந்து. தெருவில் ஆள் ஏற்றிப் போகிற ஜீப்னி வண்டியின் நம்பர் பலகையில் இருக்கிற மூன்று எண்ணையும் கூட்டிப் பார்ப்பாள். அவள் பழகுகிற சீட்டாட்டத்தில் இருபத்தொன்றைத் தாண்டினால் தோல்வி. வண்டி எண் அதற்கு மேல் போனால், "தாண்டிருச்சு" என்று ஏறாமல் விட்டுவிடுவாள். இதனாலேயே ஒருநாள் தேவாலயத்துக்கு நேரமாகிவிட்டது.

உப்புக் குப்பியை நீட்டினால் கையில் வாங்க மாட்டாள். "கீழ வைங்கக்கா" என்பாள். முதலில் எனக்கு மனசு சங்கடப்பட்டது. சீட்டு மேசையில் கைக்குக் கை எதுவும் மாறக்கூடாதாம். மேசையை விட்டு எழுந்தால் கையைத் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் விரித்துக் காட்ட வேண்டுமாம், மேலே இருக்கிற கேமரா பார்க்க. ஒரு ஞாயிறு, காணிக்கைப் பையில் போட்டுவிட்டு அங்கேயும் தட்டி விரித்துக் காட்டினாள். பை பிடித்திருந்தவர் மிரண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டவருக்கு முன்னால் அப்படிக் காட்டினால் என்ன தப்பு என்றும் தோன்றியது.

சூதாட்டம் பாவமில்லையா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"நான் எங்கக்கா ஆடறேன்? பதினாறு வந்தா இன்னொரு சீட்டு எடுத்தே ஆகணும். பதினேழு வந்தா நின்னே ஆகணும். நான் ஆசைப்பட அங்க இடமே இல்ல."

அவளுக்கு எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. எங்கள் ஊர் ஜனங்கள் யார் முன்னாலிருந்து எதை எடுத்தாலும், காலித் தட்டானாலும் நாற்காலியானாலும், "பொறுத்துக்குங்க" என்று சொல்லித்தான் எடுப்போம். பயிற்சியில் தோற்றவரின் சில்லுகளை வாரும்போதும் மிண்டாவின் வாய் அதைச் சொல்லிவிடும். வாத்தியார் டெல்ஃபின் தலையில் அடித்துக்கொள்வார். "நீ என்ன அவர் தட்டுல இருந்து சோத்தையா எடுக்கற? தோத்தவனுக்கு அதைக் கேட்டா எரியும்மா." முதல் பரீட்சையில் அந்த ஒரு சொல்லுக்காகவே தோற்றாள். இன்னும் ஒரு தடவைதான் வாய்ப்பு. அதிலும் போனால் திரும்ப ஐஸ் பெட்டிதான்.

அதனால் ஒரு வாரம் என் கடையில் தட்டு எடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாய் திறக்காமல் எடுத்துப் பழக வேண்டும். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற ரெனான்டோ என்னிடம் வந்து, "மிண்டாவுக்கு எங்க மேல என்ன கோவம்? மீன் தலையை மிச்சம் வச்சதுக்கா?" என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னதும், அவள் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் "ஐயோ, என் சோறு போச்சே" என்று வேண்டுமென்றே புலம்ப ஆரம்பித்தான். அதற்கும் அவள் உதட்டைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் இறங்கி வந்தாள். பரீட்சை வைக்க வந்தவரே வாடிக்கையாளராக எதிரில் உட்கார்ந்தாராம். பதினாறு வைத்திருந்தவர் இன்னொன்று கேட்க, பத்து விழுந்து இருபத்தொன்றைத் தாண்டிவிட்டது. "பிள்ளைக்குப் பால் வாங்க வச்சிருந்ததும்மா" என்று கண் கலங்க நடித்தாராம். மிண்டா வாரி எடுத்தாள். கையைத் தட்டி விரித்துக் காட்டினாள். ஒரு சத்தமில்லை.

"நாக்கைக் கடிச்சுக்கிட்டேங்கக்கா" என்றாள். உதட்டோரம் ரத்தம் இருந்தது. தேறிவிட்டாள்.

கிளார்க் என்ற ஊரில் இருக்கிற கேசினோவில் வேலை கிடைத்தது. பையோடு சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தபோது, அவள் கோத்துத் தந்த அதே ஜெபமாலையை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று நீட்டினேன். கை முன்னால் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மேசையில் வைத்தேன்.

பையைக் கீழே வைத்தாள். ஜெபமாலையை எடுத்து உள்ளங்கையில் இறுக மூடிக்கொண்டாள். தட்டவில்லை. விரித்துக் காட்டவில்லை.

"பொறுத்துக்குங்கக்கா" என்றாள்.