அணை மீனுக்கு ரெண்டு ஸ்டார்

கச்சிராயபாளையம் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அணையில் பிடித்த ஜிலேபிக் கெண்டையில் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போகிற கார்கள்தான் கடையை ஓட்டுகின்றன. மற்ற நாள் வியாபாரம் கேஸ் சிலிண்டருக்கே தேறாது.

அப்படிக் காரில் வந்த ஒருவன் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனில் படம் பிடித்தான். அழுகின மீன், சேற்று நாற்றம், இந்தக் கடைக்கு யாரும் வராதீர்கள் என்று ஊருக்கெல்லாம் போட்டுவிட்டான். அன்று காலை துள்ளின மீன் அது. அணை மீன் என்றால் சேற்று வாடை இருக்கும். எவ்வளவு புளி ஊற்றினாலும் கொஞ்சம் நிற்கும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அவனுக்குத் தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம். பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டு நான்தான் நின்றேன்.

அடுத்த ஞாயிறு கார்கள் கடை வாசலில் மெதுவாகின. உள்ளே இருந்தவர்கள் போனைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். வைத்த குழம்பை நாங்களே தின்றோம்.

"நீ ஒன்னும் பேசாத அக்கா. நம்ம ஜனத்த வுட்டு அஞ்சஞ்சு ஸ்டாரா போட வெக்கலாம்" என்றான் தம்பி. சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் கடைக்கு ஸ்டார் போடுகிற லிங்க்கைப் போட்டான்.

எங்கள் ஆட்களுக்கு எதுவும் மொய்தான். ஒரே மத்தியானத்தில் எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். மொய் எழுதுகிற மாதிரியே ஊர்ப் பெயர், அப்பா பெயர் எல்லாம் போட்டு. பிரியாணி பிரமாதம் என்று சித்தி எழுதியிருந்தாள். கடையில் பிரியாணியே கிடையாது.

படம் போட்டவன் சும்மா இருப்பானா? இது பொய் ஸ்டார் கடை என்று இன்னொன்று போட்டான். பிரியாணியைக் காட்டிக் காட்டிச் சிரித்தான்.

எழுதியதை எடுத்துவிடச் சொல்லிச் சித்திக்குப் போன் போட்டேன்.

"இன்னாடி, வெச்ச மொய்ய திருப்பி எடுத்துக்கினு போவச் சொல்றியா? நாளைக்கு ஒன் வூட்டு விசேஷத்துக்கு எவ வருவா பாக்கறேன்."

போனை வைத்துவிட்டாள்.

கடைசியாக எழுதியவர் தியாகதுருகத்து மாமா. ரெண்டே ஸ்டார். "மீன் அன்றன்று பிடித்தது. சேற்று வாடை அணை மீனுக்கு உண்டு. பிடிக்காதவர்கள் சாம்பார் சாப்பிடலாம். கடைக்காரிக்கு மட்டும் மரியாதை தெரியாது. என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தான் வராமல் தம்பியை அனுப்பினாள்."

கிரகப்பிரவேசம் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையை யார் பார்ப்பது? கொதித்துப்போய் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னா மாமா, பொழப்பே நாறிக்கினு கெடக்குது. இப்பதான் பழி தீக்கணுமா?"

"மீன பத்தி நெசத்த எழுதனேன். ஒன்ன பத்தியும் நெசத்ததான் எழுதனேன். வூடு தேடி வந்து ஒரு வாய் சோறு துன்னுட்டுப் போ, அஞ்சா மாத்திடறேன்."

அந்த ஞாயிறு ஒரு கார் நின்றது. இறங்கின பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மரியாதை தெரியாத அக்கா கடை இதானேங்க?"

"சாப்புட வந்திங்களா, சண்டைக்கு வந்திங்களா?"

"இதே கடைதான், இறங்குங்க" என்று காருக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "அந்த அஞ்சு ஸ்டாரெல்லாம் நாங்க நம்பலக்கா. உங்கள இந்தத் திட்டு திட்டுறவர் மீனைத் திட்டல. அதான் வந்தோம்."

பின்னால் இன்னொரு கார் நின்றது. அவர்களும் அதையே சொன்னார்கள். குழம்பு தீர்ந்தது. என் மானம் போனது போனதுதான்.

மாமா இன்னும் போன் போடுகிறார். அத்தை எனக்குப் புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாளாம்.

"எப்பதான் வருவ?"

"வேல ஜாஸ்தி மாமா."

போகமாட்டேன். போனால் மாற்றிவிடுவார்.