கண்டென்சர் பெட்டி

“அம்புட்டையும் தூக்கிப் போட்ரு” என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்தத் தகரப் பெட்டிக்காக நாங்கள் போடாத சண்டையில்லை. பழைய டிவி போர்டு, ரேடியோவில் கழற்றிய கண்டென்சர், கால் முறிந்த டிரான்சிஸ்டர் என்று மனிதர் எதையும் விடமாட்டார். மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். திருநகரில் எங்கள் தெருவில் யார் வீட்டு ரேடியோ மக்கர் பண்ணினாலும் இந்தப் பெட்டியைத்தான் திறப்பார். கடையில் விற்கும் புதுசெல்லாம் டூப்ளிகேட் என்பார். அப்படிப்பட்டவர், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா என்று நான் வழக்கம்போலச் சீண்டியதற்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினால்?

நான் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. நல்ல சாமானை வேறெங்கோ பதுக்கிவிட்டு எனக்குக் குப்பையைக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்துப் பரணில் ஏறினேன். ஸ்கூட்டர் டிக்கியைக் குடைந்தேன். ஆனையூரில் இருக்கும் அவர் தம்பிக்கு போன் போட்டு, “உங்க அண்ணன் மூட்டை கீட்டை எதுவும் குடுத்து வச்சிருக்காரா?” என்று கேட்டேன்.

“இங்க ஒண்ணுமில்ல மதினி. ஏன், வீட்ட விட்டுத் துரத்திட்டீங்களா?” என்று சிரித்தார்.

பெட்டியைத் திறந்தால் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. அதுதான் இன்னும் உறுத்தியது.

இரும்புக்காரர் வரும் நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஈயம் உருகுகிற வாடை வந்தது. வசமாக மாட்டினார் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ பிரித்துக் கிடந்தது. பற்றவைக்கும் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய வலது கை நடுங்கியது. கம்பி முனை போர்டில் தட்டிக்கொண்டே இருந்தது. இடது கையால் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

பெட்டி போய்விட்டால் எவரும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். இந்தக் கையையும் பார்க்கமாட்டார்கள். அதற்குத்தான் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

தெருவில் இரும்புக்காரரின் சத்தம் கேட்டது. “இன்னைக்கு ஒண்ணும் இல்லண்ணே” என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

“ஏன் அனுப்புன? இனிமே யாருக்கு அது?” என்று எரிந்து விழுந்தார்.

“எம்புட்டு நாளா கை நடுங்குது?” என்று கேட்டேன்.

கையை வேட்டி மடிப்புக்குள் கொண்டுபோனார். நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். “நாளைக்குத் தல்லாகுளத்துல டாக்டரப் பாக்கப் போறோம். அவரு சொல்றதக் கேட்டுட்டு, பெட்டியப் போடுறதா வைக்கிறதான்னு பேசிக்கலாம்.”

சண்டைக்கு வருவார் என்று இருந்தேன்.

“பயமா இருக்கு” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் எடுத்த எடுப்பில் நம்பியதில்லை. அதை நம்பினேன்.